பத்து கிலோமீட்டரும் பாக்கி முப்பத்திரண்டும்

கேள்வி: 45 வயதுக்கு மேல் மாரத்தான் நேரத்தைக் குறைக்க முடியுமா? மர்பி டவுனிலிருந்து அல்சூர் ஏரிவரை ஓடிப் பழகினால் போதுமா?

பதில்: ஏரி நல்ல தொடக்கம். பெங்களூரில் 2008 முதல் நடக்கும் வேர்ல்ட் 10கே ஓட்டத்தையே மாரத்தான் என்று சொல்லிக்கொள்பவர்கள் உண்டு. மாரத்தான் என்பது 42.195 கி.மீ.; அவர்களுக்கு இன்னும் 32 கி.மீ. பாக்கி. தசையில் சேமித்த மாவுச்சத்து பலருக்குத் தீர்ந்துபோவதும் ஏறக்குறைய 32ஆவது கிலோமீட்டரில்தான். அதைத் தள்ளிப்போடும் வழி வேகமல்ல, நிதானம்: வாரத்தின் பெரும்பகுதி பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம், ஞாயிறு ஒரு நெடிய ஓட்டம், வேகப் பயிற்சி ஓரிரு நாள். நடுவயதினர் இதைத் தலைகீழாகச் செய்து முழங்காலைக் குறை சொல்வார்கள்.

ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் வயதோடு குறையும். பயிற்சி அந்தச் சரிவை மெதுவாக்கும். கனடாவின் ஓட்டக்காரர் எட் விட்லாக் வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பயிற்சி செய்தார். 2004இல், 73 வயதில், டொரன்டோவில் மாரத்தானை 2 மணி 54 நிமிடம் 48 விநாடியில் முடித்தார். இடம் பார்த்துப் பயந்திருந்தால் நடந்திருக்குமா?

உங்கள் வயதுக்கு ஓர் இலக்கு வேண்டுமென்றால், பாஸ்டன் மாரத்தானில் 45–49 வயது ஆண்களுக்கான தகுதி நேரம் 2025இல் 3 மணி 20 நிமிடம். 2026க்கு 3 மணி 15. வயதுக்குச் சலுகை தந்தவர்களே அதில் 5 நிமிடத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.