பதுமைகள் சிரிக்கும் நாற்காலி

போஜராஜனுக்கு மண்ணுக்கடியிலிருந்து சிம்மாசனம் கிடைத்த கதை நமக்குத் தெரியும். ரத்தினம் இழைத்தது, தேவலோகத்து வேலைப்பாடு, 32 படி, படிக்கொரு பதுமை. மகாராஜா நல்ல நாள் பார்த்து, குளித்து முழுகி, வலது காலை எடுத்து முதல் படியில் வைக்கப் போனார். பதுமை கலகலவென்று சிரித்தது. “இதில் உட்கார்ந்திருந்தவர் யார் தெரியுமா? அவர் செய்ததில் கால்வாசியாவது நீர் செய்திருக்கிறீரா?” என்று பிடித்துக்கொண்டு, பொழுது சாயும்வரை விக்கிரமாதித்தன் பெருமையைச் சொன்னது. அன்றைய முகூர்த்தம் போச்சு. மறுநாள் இரண்டாம் படி, இரண்டாம் பதுமை.

அமெரிக்காவில் இதே கதையை வருடா வருடம் நடத்துகிறார்கள். அங்கே அதற்குக் கல்லூரி கூடைப்பந்து கோச் வேலை என்று பெயர்.

மார்ச் மாத தேசியப் போட்டி முடிந்ததும் தோற்ற கல்லூரிகளில் நாற்காலிகள் காலியாகும். எது நல்ல வேலை என்று ஊர் முழுக்க விவாதம் நடக்கும். சம்பளம் எவ்வளவு, அரங்கம் எத்தனை பெரிது, சுற்றுவட்டாரத்தில் ஆறரை அடிப் பையன்கள் விளைகிறார்களா, பழைய மாணவர்களின் மடி கனமா, பரம்பரை எப்படி என்று சம்பந்தம் பேசும் வீட்டு வராந்தாவைப் போல அலசுவார்கள். எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஒரே ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிடுவார்கள்: முன்னால் அதில் உட்கார்ந்திருந்தவர் யார்?

அந்தக் கேள்விக்கு “யாருமே இல்லை” என்று பதில் சொல்லும் பாக்கியம் ஒருவருக்குக் கிடைத்தது. ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891 டிசம்பரில் ஸ்ப்ரிங்ஃபீல்டில், குளிருக்குப் பயந்து உள்ளே அடைந்து கிடந்து அடங்காமல் திரிந்த மாணவர்களைச் சமாளிக்க, அவர் ஒரு புது விளையாட்டைக் கண்டுபிடித்தார். கட்டடக் காவலாளியிடம் இரண்டு பெட்டி கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழக்கூடைதான் இருந்தது. காவலாளியிடம் பெட்டி இருந்திருந்தால் இன்று உலகம் பெட்டிப்பந்து ஆடிக்கொண்டிருக்கும்.

1898-ல் நெய்ஸ்மித் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். உடற்பயிற்சியையும் சிற்றாலய வழிபாட்டையும் கவனிக்கத்தான் அவரை அழைத்தார்கள். கோச் பதவி கடைக்காரர் கொசுறாகப் போடும் கறிவேப்பிலை மாதிரி கூட வந்தது. முதல் ஆட்டத்தில், 1899-ல், கன்சாஸ் நகர ஒய்.எம்.சி.ஏ.விடம் 16-5 என்று தோற்றார். ஒன்பது பருவத்தில் 55 வெற்றி, 60 தோல்வி. அந்தக் கல்லூரியின் நூற்றாண்டு தாண்டிய வரலாற்றில் வென்றதைவிட அதிகம் தோற்ற ஒரே கோச், அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர்தான். யாரும் அவரை நீக்கவில்லை. நீக்கச் சொல்லிக் கத்துவதற்கு அப்போது ரசிகர்களே பிறந்திருக்கவில்லை. அவர் எழுதிச் சுவரில் ஒட்டிய 13 விதிகள் கொண்ட இரண்டு தாள்கள் 2010-ல் 43 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயின. அவர் கோச்சாக வாங்கிய 60 தோல்விகளை மட்டும் இன்றுவரை யாரும் ஏலம் கேட்கவில்லை.

நெய்ஸ்மித்தின் மாணவர் ஃபாரஸ்ட் ஆலன். கப்பல் சங்கு மாதிரி குரல் என்பதால் ‘ஃபாக்’ ஆலன். கோச் வேலைக்குப் போகிறேன் என்று அவர் சொன்னபோது, இந்த ஆட்டத்துக்கெல்லாம் பயிற்சி கொடுக்க முடியாது, சும்மா ஆட வேண்டியதுதான் என்று குருநாதர் சிரித்தாராம். தன்னுடைய 55-60 கணக்கைப் பார்த்தால் அவர் அதை மனசாரத்தான் சொல்லியிருக்க வேண்டும். சிஷ்யர் கேட்கவில்லை. 1907-ல் குருவின் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். இரண்டு வருடத்தில் எழுந்து போய், 1919-ல் திரும்பி வந்து, 1956 வரை அசையவில்லை. 590 வெற்றி. அவர் வேலையில் இருக்கும்போதே, 1955-ல், அவர் பெயரில் அரங்கமும் எழுந்தது. விளையாட்டைக் கண்டுபிடித்த புண்ணியவான், ஆனால் நிறையத் தோற்றவர்: கோச் உலகத்தில் இதைவிட அருமையான முன்னோடி அமைய மாட்டார். படத்துக்கு மாலை போடலாம், கணக்கையும் சுலபமாகத் தாண்டலாம்.

ஆலனின் கடைசி நாட்கள்தான் கொடுமை. ஏழடி உயர வில்ட் சேம்பர்லைனைப் படாதபாடு பட்டு கன்சாஸுக்கு இழுத்து வந்தார். முதலாண்டு மாணவர்கள் கல்லூரியின் பிரதான அணியில் ஆடக்கூடாது என்று அந்தக் காலத்து விதி. சேம்பர்லைன் ஒரு வருடம் காத்திருந்தார். அந்த வருடம் முடிவதற்குள் ஆலனுக்கு 70 வயது, கட்டாய ஓய்வு. சமைத்து இறக்கியவர் பந்தியில் உட்காரும் நேரத்தில் இலையை எடுத்துவிட்டார்கள். அந்த இலையில் உட்கார்ந்த டிக் ஹார்ப், சேம்பர்லைனோடு 1957 இறுதி ஆட்டம் வரை போய், மூன்று முறை கூடுதல் நேரம் ஆடி, 54-53 என்று ஒரே ஒரு புள்ளியில் தோற்றார். முதல் படிப் பதுமை சிரிக்க அந்த ஒரு புள்ளி போதாதா?

ஆலனிடம் ஆடிய அடால்ஃப் ரப், கென்டக்கியில் 42 வருடம் அமர்ந்து 876 வெற்றியும் நான்கு பட்டமும் சேர்த்தார். அவரையும் 1972-ல் அதே 70 வயது விதிதான் கிளப்பியது. அடுத்து வந்த ஜோ ஹால் 1975-ல் இறுதி ஆட்டத்துக்குப் போனார். எதிரே நின்றவர் ஜான் வூடன். ஹால் தோற்றார். ஒரு விக்கிரமாதித்தனின் நாற்காலியில் இருந்துகொண்டு இன்னொரு விக்கிரமாதித்தனின் கடைசி ஆட்டத்தில் போய் மாட்டினால் வேறென்ன நடக்கும்?

வூடன் கதைக்கு வருவோம். 1948-ல் அவர் மனதில் இருந்தது யு.சி.எல்.ஏ. இல்லை. மத்திய மேற்குக்காரரான அவருக்கு மினசோட்டா வேலை மீதுதான் ஆசை. ஒரு குறிப்பிட்ட நாளில் இரண்டு கல்லூரியும் தொலைபேசியில் கூப்பிட வேண்டும். மினசோட்டா பக்கம் பனிப்புயல் அடித்து தொலைபேசிக் கம்பி அறுந்தது. யு.சி.எல்.ஏ. சொன்ன நேரத்துக்குக் கூப்பிட்டது. மினசோட்டாவுக்கு நம்மேல் விருப்பமில்லை போலிருக்கிறது என்று நினைத்து, வூடன் சரி சொல்லிவிட்டார். கொஞ்ச நேரத்தில் மினசோட்டாவும் கூப்பிட்டது. கொடுத்த வாக்கு கொடுத்ததுதான் என்று மனிதர் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மூட்டை கட்டினார். கல்லூரிக் கூடைப்பந்தின் மிகப் பெரிய சாம்ராஜ்யத்துக்கு அஸ்திவாரம் போட்டது ஒரு லைன்மேனின் தாமதம்.

அங்கே கிடைத்தது என்ன? வருடத்துக்கு 6,000 டாலர். சொந்த அரங்கம் கிடையாது. மூன்றாம் மாடியில் ஒரு பழைய கூடம். மல்யுத்தக்காரர்களும் ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்களும் பக்கத்திலேயே பயிற்சி செய்வார்கள். வியர்வை நாற்றத்தின் பெயரையே கூடத்துக்கும் வைத்திருந்தார்கள். பயிற்சிக்கு முன்னால் வூடனே துடைப்பமும் ஈரத்துணியும் எடுத்துத் தரையைத் துடைப்பார். ஒவ்வொரு வருடமும் முதல் பாடம், காலுறையைச் சுருக்கமில்லாமல் போடுவது எப்படி என்பது. பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பையன்கள், இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று விழித்திருப்பார்கள்.

முதல் பட்டம் 1964-ல் வந்தது. வேலைக்கு வந்து 16-வது வருடம்! இன்றைக்கு ஒரு கோச் பட்டமில்லாமல் நாலு வருடம் தாண்டினாலே ஊர் கொதிக்கும். 16 வருடம் பொறுத்த அந்த நிர்வாகத்தைக் கோயில் கட்டிக் கும்பிடலாம். 1965-ல் பாலி பெவிலியன் என்ற புது அரங்கத்தைத் திறந்தார்கள். கொண்டாட்டமாக, நாட்டின் முதலிடத்தில் இருந்த பட்டம் வென்ற அணியையும் கல்லூரியின் முதலாண்டுப் பொடியன்களையும் மோதவிட்டார்கள். பொடியன்கள் 75-60 என்று ஜெயித்துவிட்டார்கள். அதில் லூ அல்சிண்டர் என்று ஒரு ஏழடிப் பொடியன். பின்னாளில் கரீம் அப்துல்-ஜப்பார். சொந்த வீட்டுக் குழந்தைகளிடம் தோற்ற வூடன் அதற்காகக் கண் கலங்கியிருக்க மாட்டார்.

அப்புறம் நடந்தது புராணம். 1964 முதல் 1975 வரை 12 வருடத்தில் 10 பட்டம். நடுவே தொடர்ந்து 88 வெற்றி. சம்பளம் மட்டும் கடைசி வரை 35,000 டாலரைத் தாண்டவில்லை. 1975-ல் பத்தாவது பட்டத்தோடு வூடன் எழுந்துகொண்டார். பாலி பெவிலியன் கூரையில் பத்துக் கொடி. நமக்குத்தான் தெரியுமே, அவை கொடிகள் இல்லை, பதுமைகள்.

அந்தப் படியில் கால் வைத்த போஜராஜன், ஜீன் பார்ட்டோ. சும்மா சொல்லக்கூடாது, அவருக்கு அந்தச் சிம்மாசனத்தின் வலிமை நேரிலேயே தெரியும். 1973 இறுதி ஆட்டத்தில் மெம்ஃபிஸ் ஸ்டேட் அணிக்கு அவர்தான் கோச். எதிரே வூடனின் பில் வால்டன். வால்டன் 22 முறை எறிந்து 21 முறை போட்டு, 44 புள்ளி எடுத்தார். அப்படி நசுங்கியவர் இரண்டே வருடத்தில் நசுக்கியவரின் இடத்துக்கு வந்தார். ஆசை யாரை விட்டது.

பார்ட்டோ அங்கே இருந்த இரண்டு வருடத்தில் 52 ஆட்டம் ஜெயித்தார், ஒன்பதில் தோற்றார். முதல் வருடமே தேசிய அளவில் கடைசி நால்வரில் ஒருவர். வேறு எந்த ஊராக இருந்தாலும் சிலை வைத்திருப்பார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் அந்த ஒன்பதை மட்டும் எண்ணியது. “வூடன் இருந்தால்...” என்று பத்துப் பதுமையும் மாறி மாறி ஆரம்பித்தன. 1977-ல் பார்ட்டோ எழுந்து போய்விட்டார்.

அடுத்து கேரி கன்னிங்ஹாம், இரண்டு வருடத்தில் 50 வெற்றி, எட்டுத் தோல்வி. அவரும் கிளம்பினார். லேரி பிரவுன், இரண்டு வருடம். லேரி ஃபார்மர், மூன்று. வால்ட் ஹசார்ட், நான்கு. ஜிம் ஹாரிக் 1995-ல் பதினோராவது கொடியை ஏற்றியே விட்டார். பதுமைகள் வாயடைத்த அந்த நேரத்தில், ஒரு ராத்திரி விருந்தின் செலவுக் கணக்கில் பொய் எழுதினார் என்று 1996-ல் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இருபது வருடம் காத்திருந்து கிடைத்த ராஜா, ஓட்டல் பில்லில் போனார்.

அப்படியானால் எந்த நாற்காலிதான் நல்லது? 1961-ல் வட கரோலினாவில் ஒன்று காலியானது. பட்டம் வென்ற ஃபிராங்க் மெக்வயர், விதிமீறல் தண்டனையின் புழுதியில் ராஜினாமா செய்திருந்தார். 30 வயது டீன் ஸ்மித் உட்கார்ந்தார். 1965-ல் ஒரு தோல்விக்குப் பின் மாணவர்கள் அவர் கொடும்பாவியைத் தொங்கவிட்டார்கள். கல்லூரி அவரைத் தொங்கவிடவில்லை. 1986-ல் 21,000-க்கும் மேல் ஆள் கொள்ளும் அரங்கத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். பக்கத்து ஊரிலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் 1980-ல் மைக் ஷஷெவ்ஸ்கியை எடுத்தபோது, அந்தப் பெயர் அச்சுப்பிழை அல்ல என்று மாணவர் பத்திரிகை தலைப்பிலேயே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. வந்த முதல் மூன்று வருடம் 38 வெற்றி, 47 தோல்வி. பணக்காரப் பழைய மாணவர்கள் தலையைக் கேட்டார்கள். கல்லூரி ஒப்பந்தத்தை நீட்டித்தது. அவர் 42 வருடம் இருந்து ஐந்து பட்டம் கொடுத்தார்.

இன்றைக்கு அந்தப் பொறுமைக்குப் பதிலாகப் பணம் இருக்கிறது. பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குவோரில் கவர்னரை எல்லாம் தாண்டி முதலிடம் ஒரு கோச்சுக்குத்தான். கென்டக்கி 2019-ல் ஜான் கலிப்பாரிக்கு ‘ஆயுள் ஒப்பந்தம்’ போட்டது. அந்த ஆயுள் ஐந்து வருடம். 2024-ல் அவர் ஆர்கன்சாவுக்குக் கிளம்பினார்.

பார்ட்டோ என்ன ஆனார்? பாலி பெவிலியனை விட்டவர், அலபாமாவின் பர்மிங்காமுக்குப் போனார். அங்கே கூடைப்பந்து அணியே கிடையாது. கொடி இல்லை, முன்னோடி இல்லை, சிரிக்க ஒரு பதுமைகூட இல்லை. நெய்ஸ்மித்துக்கு வாய்த்த அதே பாக்கியம். பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்து, 1981 தேசியப் போட்டியில் கென்டக்கியை, அடுத்த வருடம் நடப்புச் சாம்பியன் இந்தியானாவை வீழ்த்தினார். 1996 வரை நிம்மதியாக இருந்தார். அவர் ஓய்வு பெற்றதும் அரங்கத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

அந்த நாற்காலியில் அடுத்து உட்கார்ந்தவர் அவருடைய மகன் மர்ரி பார்ட்டோ. ஆறு வருடம் தாக்குப்பிடித்தார். வாசலில் அப்பா பெயர், உள்ளே பதுமை. அதுவும் அப்பாவின் ஜாடையில்.