சி–டி பேத விசாரம்

மடிக்கணினிக்குள் இருப்பது ஒரே ஒரு டிஸ்க். திறந்து பார்த்தால் சி என்றும் டி என்றும் இரண்டு தெரிகின்றன. இவை இரண்டும் மெய்யாகவே வேறா, ஒன்றா, அல்லது வேறாக இருந்துகொண்டே ஒன்றா? வேதாந்திகள் பிரம்மத்தை வைத்து நடத்திய இந்த வழக்கை நடுக்கூடத்து மேஜைக்குக் கொண்டுவருவதே இவ்வாய்வின் நோக்கம். இத்துறையில் முன்னோர் நூல் எதுவும் எமக்குக் கிட்டவில்லை. எனவே முன்னோரை மறுக்கும் வேலை மிச்சம்.

முதலில் ஒரு சிறு ஐயம்: ஏ, பி எங்கே? பிள்ளைகள் மட்டுமே இதைக் கேட்கிறார்கள். அந்த இரண்டு எழுத்தும் ஃபிளாப்பி டிரைவுக்கு உரியவை. ஃபிளாப்பி ஒழிந்த பிறகும் விண்டோஸ் சி-யிலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறது. மேலே செல்வோம்.

1983-இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்குடன் வந்தது. கூடவே வந்த டாஸ் 2.0-தான் பகுப்பு அட்டவணையைப் புகுத்தியது. டிஸ்கின் முதல் 512 பைட்டில் 64 பைட் அட்டவணைக்கு. ஒரு பகுதியின் விவரத்துக்கு 16 பைட். ஆகவே பகுதிகள் நான்கு. வேதம் நான்கு, யுகம் நான்கு என்று இதற்கு உட்பொருள் காண்பாரும் உளர். 64-ஐ 16-ஆல் வகுத்தால் நான்குதான் வரும் என்பது எம் துணிபு.

அன்றைக்குப் பிரிப்பது நம்பிக்கை சார்ந்ததன்று, கட்டாயம். அக்கால டாஸ் ஒரு பகுதியில் 32 மெகாபைட்டுக்கு மேல் கையாளாது. 40 மெகாபைட் டிஸ்க் வாங்கியவர் முழுவதையும் பயன்படுத்த வேண்டுமானால் வெட்டியே ஆகவேண்டும். 1987-இல் வந்த டாஸ் 3.3 அதற்கு வழிசெய்தது. பின்னர் வரம்பு 2 ஜிகாபைட்டுக்கு ஏறியது. அந்த அளவுப் பகுதியில் 'நலம், நலமறிய ஆவல்' என்று மட்டும் எழுதிய கடிதம்கூட 32 கிலோபைட் இடத்தை அடைத்துக்கொண்டது. சிறு பகுதிகளாகப் பிரித்தால் வீணாவது குறையும் என்பதால், பிரிப்பது சிக்கனமும் ஆயிற்று. 1996-இல் ஃபேட் 32 வந்து இந்தத் தொல்லைகளைத் தீர்த்தது. காரணம் போய்விட்டது, காரியம் நின்றுவிட்டது. ஆய்வாளன் ஒருவனுக்கு இதைவிட இனிப்பான செய்தி இருக்க முடியாது.

காரியம் ஏன் நின்றது? விடை ஃபார்மட். ரிச்சி தெருவில் உதிரி உதிரியாக வாங்கி அசெம்பிள் செய்த கணினிகளின் காலத்தில், வைரஸ் ஆனாலும் வேகக் குறைவு ஆனாலும் மருந்து ஒன்றே. மெக்கானிக் வீட்டுக்கு வந்ததும் குடும்பத் தலைவர் ஒரு மந்திரம் சொல்வார்: "தம்பி, சி-யை மட்டும் ஃபார்மட் அடிப்பா. டி-யில கை வச்சிடாத. பாப்பா காதுகுத்து போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு." சி அழியக்கூடியது, டி நித்தியமானது, இரண்டும் என்றும் ஒன்றாகா. மத்வர் அறிந்தால் மகிழ்ந்திருப்பார். இது கலப்பில்லாத துவைதம்.

இம்மரபின் ஓட்டை டெஸ்க்டாப். திரையில் கண்ணெதிரே கிடப்பதால் அது சி-யும் இல்லை, டி-யும் இல்லை, வேறேதோ பொதுவிடம் என்று குடும்பங்கள் கருதுகின்றன. உண்மையில், யாரும் மாற்றி வைக்காதவரை, டெஸ்க்டாப் சி-க்குள் பயனர் பெயரில் இருக்கும் ஒரு ஃபோல்டர். டவுன்லோட்ஸும் டாகுமெண்ட்ஸும் அப்படியே. எனவே டி-யை வணங்கிவந்த வீடுகளில், நடைமுறையில், பத்திரமாகத் தப்பிப் பிழைத்தவை பழைய சினிமாப் பாடல்கள். போனவை நேற்று டெஸ்க்டாப்பில் வைத்த வீட்டுக்கடன் கணக்குகள்.

இனி இவ்வாய்வின் கடினமான அத்தியாயம்: சி நிறைந்து பட்டை சிவக்கிறது, டி-யிலோ பாதி காலி. டி-யைச் சுருக்கி சி-யைப் பெருக்கலாமே என்று எவருக்கும் தோன்றும். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையில் டி-யைச் சுருக்குவது எளிது. பிறகு சி-யின் மேல் வலது சொடுக்கு சொடுக்கினால் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாக, தொட முடியாமல் இருக்கும். மனம் உடைந்து பகுப்பையே வெறுத்தவர்கள் பலர். ஆனால் இதில் சூது இல்லை, நில அளவை மட்டுமே. ஒரே வரிசையில் அடுத்தடுத்து மூன்று மனை. நடு மனைக்காரர் இடம் விட்டுத் தருகிறார், ஆனால் தம் மனையின் கிழக்குக் கோடியில். மேற்கே இருப்பவருக்கு அதனால் என்ன பயன்? டி சுருங்கும்போது காலியிடம் அதன் வால்பக்கம் உண்டாகிறது. சி-க்கோ தன் வலப்புறத்தை ஒட்டிய இடம்தான் வேண்டும். பல மடிக்கணினிகளில் இந்த இரண்டுக்கும் நடுவே எழுத்தே இல்லாத மூன்றாமவர் ஒருவரும் உட்கார்ந்திருப்பார்: ரெக்கவரி பகுதி. அவரைக் குறைத்து மதிப்பிடலாகாது. 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் 10 பாதுகாப்பு அப்டேட், அந்தப் பகுதியில் 250 மெகாபைட் காலி இல்லாத கணினிகளில் ஏற மறுத்தது. சி-யில் எவ்வளவு இடம் இருந்தும் பயனில்லை.

சி-யைச் சுருக்குவோருக்கும் ஒரு தடை உண்டு. பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல் போன்றவை இருந்த இடத்தைவிட்டு நகர மாட்டா. ஆகவே 300 ஜிகாபைட் காலியாகத் தெரிந்தாலும், சுருக்க அனுமதி அதில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். (500 ஜிகாபைட் என்று வாங்கியது 465 என்று காட்டுவது வேறு வழக்கு. விற்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. இருவரும் யோக்கியர்களே.)

வேறாக இருந்துகொண்டே ஒன்று என்னும் மூன்றாம் பள்ளி அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வரும் சித்தப்பா மகனின் மேக்புக்கோடு வீட்டுக்குள் நுழைகிறது. 2017 முதல் மேக் கணினிகளுக்கு வந்த ஏபிஎஃப்எஸ் முறையில் ஒரே கொள்கலம், அதற்குள் பல வால்யூம்கள். ஒவ்வொன்றும் தனிப்பெயர் உடையது. காலியிடம் மட்டும் எல்லாருக்கும் பொது. வேற்றுமை உண்மை, ஒருமையும் உண்மை: விசிஷ்டாத்வைதம். ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர் இன்று மின்னணுத் தொழிற்சாலைகள் நிறைந்த ஊராக இருப்பது தற்செயல் என்றே கொள்க. லினக்ஸ்காரர்கள் ரூட், ஹோம், ஸ்வாப் என மூன்றாகப் பிரித்துத் தனிச் சம்பிரதாயம் நடத்துகிறார்கள். அவர்களோடு வாதிடப் புகுந்தால் இந்த இதழின் பக்கங்கள் போதா.

ஆனால் இறுதித் தீர்ப்பு சங்கரர் பக்கமே சாய்கிறது. சுழலும் டிஸ்கில் சி-க்கு வெளிவட்டமும் டி-க்கு உள்வட்டமும் ஏறக்குறைய மெய்யாகவே இருந்தன. எஸ்எஸ்டி-யில் அதுவும் இல்லை. எந்தத் தரவை எந்தச் சில்லில் எழுதுவது என்பதை அதன் கன்ட்ரோலர், தேய்மானம் சமமாக இருக்கும்படி, தானே முடிவுசெய்கிறது. டி-யில் உள்ள காதுகுத்துப் போட்டோவும் சி-யில் உள்ள விண்டோஸும் ஒரே சில்லில் அக்கம்பக்கத்தில் கிடக்கலாம். இரண்டென்று சொல்வது அட்டவணையின் ஒரு வரி மட்டுமே. பேதம் மாயை.

ஓஎஸ்-ஸை மறுபடி போடும்போது டி கைகொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் டிஸ்க் செத்தால் சி-யும் டி-யும் ஒரே நாழிகையில் சாகும். சி-யிலிருந்து டி-க்கு நகலெடுப்பதை பேக்கப் என்று இவ்வாய்வு ஏற்கவில்லை. ஆகவே பகுப்பில் கை வைக்கத் துணியும் வாசகர்கள் முதலில் வெளி டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொள்ளவும். பிறகு சார்ஜரைச் செருகிவிட்டு, மின்வாரியம் அறிவித்த மின்தடை நாள் அன்றில்லை என்று உறுதிசெய்துகொண்டு தொடங்கவும்.