கட்டிலுக்கு அடியில ஒரு தராசு

வாய்யா தம்பி, பெஞ்சுல உக்காரு. கட்டில்ல உக்காந்துராதே. நீ அதுல உக்காந்தா மெட்ராஸ்ல இருக்கிற என் மகன் போனுக்கு ‘அப்பா படுத்துட்டார்’னு சேதி போயிரும். பட்டப்பகல் 11 மணிக்கு என்ன படுக்கை, மேலுக்குச் சுகமில்லையான்னு அவன் பதறிப்போய்க் கூப்பிடுவான்.

என் பேரன் செஞ்சு வச்சிருக்கிறதைப் பாத்துட்டு நீயும் உன் கட்டிலுக்கு ஆள் இருக்கா இல்லையான்னு சொல்ற சென்சார் செய்யப் போறியாமே. நல்ல காரியம். எங்க காலத்துல கட்டில்ல ஆள் இருக்கான்னு தெரியணும்னா எட்டிப் பாப்போம். இப்ப எட்டிப் பாத்தா மரியாதைக் குறைச்சல். அடியில தராசு வச்சு நிறுத்துப் பாத்தா நாகரிகம். இருக்கட்டும். தராசுன்னு காதுல விழுந்ததும் எனக்கும் கை அரிச்சிருச்சு. விருதுநகர் மண்டியில 32 வருசம் வத்தல் மூடை நிறுத்தவன் நான். பேரன் சால்டரிங் வைக்கையில டார்ச்லைட் பிடிச்சதும் நான்தான். அவன் பண்ணின கூத்தைச் சொல்றேன், நீ புதுசா வேற கூத்துப் பண்ணிக்கோ.

முதல்ல சுவத்துல ஒரு வெள்ளைக் குமிழை ஒட்டினான். பி.ஐ.ஆர். சென்சாராம். மனுச உடம்புச் சூடு அங்கிட்டும் இங்கிட்டும் நகர்ந்தா அதுக்குத் தெரியும், நகராம இருந்தா தெரியாது. தூங்குறவன் எங்கய்யா நகருவான்? பேரன் பெண்டாட்டி படுத்துக்கிட்டு வாரப் பத்திரிகை படிக்கும். அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா லைட்டு அணைஞ்சிரும். அந்தப் பிள்ளை கையை மேல தூக்கி ஆட்டும், லைட்டு எரியும். கல்யாணமாகி வந்த பிள்ளை ராத்திரியில ஒத்தையில படுத்துக்கிட்டுக் கையை ஆட்டுறதை எங்க கிழவி ஜன்னல் வழியாப் பாத்துட்டா. மறுநாள் காலையிலேயே வேப்பிலை அடிக்கிறதுக்கு ஆள் வந்து நிக்குது.

அடுத்தாப்ல ரிப்பன் மாதிரி ஒண்ணு. அமுக்கினா அதோட ரெசிஸ்டன்ஸ் இறங்கும். சும்மா கிடக்கையில லட்சக்கணக்குல இருக்கிற ஓம், அமுக்கினா ஆயிரக்கணக்குக்கு வந்திரும். அதை மெத்தைக்கு அடியில விரிச்சு, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ணைத் துணைக்குச் சேத்து, நடுவுல வர்ற வோல்ட்டைப் படிக்கணும். பலகை தட்டையா இருந்து மெத்தையும் மெலிசா இருந்தா உனக்கு இதுவே போதும், ஒரு சாயங்காலத்து வேலைதான். எங்க வீட்டுல இலவம்பஞ்சு மெத்தை. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம், கம்மாய்க் கரை மாதிரி. பஞ்சு கட்டி தட்டின இடத்துக்கு நேர் கீழே இவன் ரிப்பனை ஓட்டிட்டான். மெத்தை வெயிட்டே அதை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஆளில்லாத கட்டில்ல ராப்பகலா ஆள் படுத்திருக்குன்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சு. வேப்பிலைக்காரர் ரெண்டாம் தடவையும் வந்தார்.

அதுக்கப்புறம்தான் என் தொழிலுக்கு வந்தான். ஏறி நின்னு எடை பாக்குற மெசின் இருக்கு பாரு, அதுக்குள்ள நாலு மூலையிலயும் தீப்பெட்டி கணக்கா ஒரு இரும்புத் துண்டு இருக்கும். லோடு செல்லு. ஒண்ணு 50 கிலோ தாங்கும். பாரம் ஏறுனா கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அந்த இரும்பு வளையும். மேல ஒட்டியிருக்கிற மெல்லிசான கம்பிக்கோடு அதோட சேந்து இழுபடும், ரெசிஸ்டன்ஸ் மாறும். நாலையும் சதுரமாப் பின்னினா வீட்ஸ்டன் பிரிட்ஜ். அந்தப் பின்னலை 1833லயே எழுதி வச்சவர் கிறிஸ்டின்னு ஒரு ஆளாம். 10 வருசம் கழிச்சு அதை ஊரறியச் சொன்ன வீட்ஸ்டன் பேருதான் நிலைச்சுப்போச்சு. சம்சாரி விளைய வைப்பான், மூடையில கமிஷன் கடைக்காரன் பேரு இருக்கும். சீமையிலயும் அதே கதைதான்.

5 வோல்ட் குடுத்தா முழுப் பாரத்துக்கும் அதுல இருந்து திரும்பி வர்றது ஒரு சில மில்லிவோல்ட்டு. அதை எச்.எக்ஸ்.711னு ஒரு சிப்பு 128 மடங்கு பெருக்கி, 24 பிட்டுல படிக்குது. அப்படின்னா 1 கோடியே 67 லட்சம் படி. மண்டியில 100 கிராமுக்கு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுச் சண்டைக்கு வருவாங்க, அங்ககூட இம்புட்டு நுணுக்கம் கிடையாது. உனக்கு வேண்டியது ஆள் இருக்கு, இல்லைங்கிற ரெண்டே ரெண்டு பதிலு. சரி, மலிவாக் கிடைக்குது, வாங்கிக்கோ.

இப்ப நான் சொல்றதைக் காது குடுத்துக் கேளு, ஏன்னா இதுல பேரன் ஒரு வாரம் தொலைச்சான். அந்த இரும்புத் துண்டுல சுத்திலும் ஒரு சட்டம், நடுவுல ஒரு நாக்கு. சட்டத்துக்கும் நாக்குக்கும் இடையில வளையத் தோது வேணும். இவன் துண்டை அப்படியே சிமிண்டுத் தரையில போட்டு மேல கட்டில் காலை நிறுத்திட்டான். நாக்கும் சட்டமும் சேந்து தரையில உக்காந்துக்கிச்சு. எங்கிட்டு வளையும்? மூணு பேர் ஏறிக் குதிச்சும் முள் நகரலை. சிப்பு கோளாறுன்னு புதுச் சிப்பு வாங்கினான். அதையும் கோளாறுன்னான். நான்தான் ஆசாரியைக் கூப்பிட்டு, வேப்பம்பலகையில சட்டம் மட்டும் உக்கார்ற மாதிரி ஓரத்துல படி எடுத்து, நாக்குக்கு நேரா உளியால குழி பறிக்கச் சொன்னேன். குழி அரை விரல் ஆழம் இருந்தாப் போதும். பலகையை வச்சு மேல ஆளை உக்கார வச்சதும் நம்பரு ஏறிச்சு பாரு, இவன் ஆசாரி காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டான்.

வயரு மூணு வரும். கலரை நம்பாதே, கடைக்குக் கடை மாறும். மல்டிமீட்டரை வச்சு ரெண்டு ரெண்டாத் தொட்டுப் பாரு. எந்த ஜோடிக்கு ஓம் அதிகமோ அது ரெண்டும் ஓரம், மிச்சம் இருக்கிறது நடு. செல்லுல இருந்து சிப்புக்குப் போற வயரைக் குட்டையா வச்சு முறுக்கி விடு.

நாலு காலுக்கு நாலு செல்லு, நாலு அம்பது இருநூறுன்னு கணக்குப் போட்டிருப்பே. பேரனும் அப்படித்தான் போட்டான். நான் நிறுத்துக் காட்டினேன்: தேக்குக் கட்டில் 92, மெத்தை 24, பேரன் 71, அவன் பெண்டாட்டி 58. மொத்தம் 245 கிலோ. (58ன்னு உரக்கச் சொன்னதுக்கு அந்தப் பிள்ளை ரெண்டு நாள் எனக்குக் காப்பி தரலை. தராசு பிடிச்சவன் வாய் குறைச்சுச் சொல்ல மாட்டேங்குது.) அதனால ஒரு காலுக்கு ரெண்டு செல்லு வை. இடது பக்கத்து ரெண்டு கால்ல இருக்கிற நாலும் ஒரு சிப்புக்கு, வலது பக்கத்து நாலும் இன்னொண்ணுக்கு. ரெண்டு சிப்பும் ஈ.எஸ்.பி. 32ங்கிற ஒரே குட்டிக் கம்ப்யூட்டர் போர்டுக்குப் போகட்டும். பாரமும் தாங்கும், எந்தப் பக்கம் ஆளுன்னும் தெரியும்.

ஆனா ஒண்ணு, கட்டில் ஒரே பலகை. இடது பக்கத்துல படுத்தவன் பாரத்துல கால்பங்கு போல வலது காலுக்கும் இறங்கும். பேரன் தனியாப் படுத்தாலும் அந்தப் பக்கம் 18 கிலோ காட்டும். பிறக்காத பிள்ளையான்னு கிழவி சந்தோசப்பட்டா. அதனால ஒரு பக்கம் 30க்கு மேல போனா ஆள், 22க்குக் கீழே வந்தா ஆளில்லை, நடுவுல நின்னா பழைய பதிலே பதிலுன்னு எழுதச் சொன்னேன். ரெண்டு பக்கமும் 65க்கு 64ன்னு சமமா நின்னா என்ன அர்த்தம்னு கேட்டான். அதுக்கு எந்த ஆட்டோமேஷனும் எழுத வேண்டாம்யா, அவங்களை அவங்க போக்குல விடுன்னு சொன்னேன். அப்புறம்தான் அது தன்னைப் பத்தின கேள்விங்கிறது அவனுக்கு உறைச்சுது. அந்தச் சிப்பு நொடிக்கு 10 தடவை எழுதுது தம்பி. வரைபடத்தைப் போன்ல வச்சுக்கிட்டு கூட்டாளிக்கெல்லாம் காட்டித் திரியாதே. ஹோம் அசிஸ்டண்ட்ங்கிற சாஃப்ட்வேர் வீட்டுக்குள்ளேயே ஒரு சின்னப் பெட்டியில ஓடும், கணக்கு வாசல்படி தாண்ட வேண்டியதில்லை. அதுலயே விடு.

அதுல எழுதுறதுக்கு ஒரு பாஷை வச்சிருக்கான். வரிக்கு முன்னால ஒரு இடம் கூடினாலும் கோவிச்சுக்கும், புது மாப்பிள்ளை மாதிரி. அதை நீயே பாத்துக்கோ.

கரண்டு விசயத்தை மட்டும் மறந்துறாதே. எங்கேயோ கிடைச்ச ப்ரோகிராமை இவன் அப்படியே ஏத்திட்டான். அதுல முதல் வேலையே, கரண்டு வந்ததும் மேல இருக்கிறதைக் கழிச்சு ஜீரோ வைக்கிறது. சித்திரை மாசம் ராத்திரி 2 மணிக்குக் கரண்டு போச்சு, 20 நிமிசத்துல வந்துச்சு. புருசனும் பெண்டாட்டியும் கட்டில்ல. மெசின் ரெண்டு பேரையும் சேத்து ஜீரோன்னு வச்சுக்கிட்டு, ஆஹா, எந்திரிச்சுட்டாங்கன்னு கூடத்து லைட்டைப் போட்டு, ஹீட்டரைப் போட்டு, பக்திப் பாட்டையும் பாட விட்டுருச்சு. கிழவி எந்திரிச்சு வாசல் தெளிச்சுக் கோலமே போட்டுட்டா. விடிஞ்சு பாத்தா பேரன் பக்கம் மைனஸ்ல நிக்குது. உசிரோட இருக்கிறவனுக்கு எடை மைனஸ்னா எப்படிய்யா? மண்டியில தட்டுல மூடையை வச்சுக்கிட்டு எவனாவது முள்ளைத் திருத்துவானா? காலிக் கட்டிலுக்கு என்ன நம்பரு வருதுன்னு ஒருக்காப் பாத்து, அதையே நிரந்தரமா எழுதி வச்சிரு. எந்நேரமும் பாரம் சுமக்குற தராசு வெயிலுக்கும் குளிருக்கும் கொஞ்சம் முன்னப்பின்னத்தான் நிக்கும். நீ என்ன தங்கமா நிறுக்கிறே?

அவசரமும் ஆகாது. ஏறி 10 நொடி ஆனாத்தான் ஆள்னு எடுத்துக்கணும், இறங்கி ரெண்டு நிமிசம் ஆனாத்தான் இல்லைன்னு எடுத்துக்கணும். இல்லாட்டி ஒண்ணுக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள ஹீட்டர் போட்டுரும். திருச்செந்தூர் போறதுக்கு ராத்திரி சூட்கேஸ் ரெண்டையும் கட்டில் மேல வச்சு அடுக்கினாங்க. ரெண்டும் படுத்துத் தூங்குதுன்னு சொல்லி வீட்டையே இருட்டாக்கிருச்சு. அதுக்கு மருந்து கிடையாது. சூட்கேஸைத் தரையில வச்சு அடுக்கணும்.

என் கட்டிலுக்கும் பேரன் ஏன் வச்சான்னு கேக்கிறியா? ராத்திரி எந்திரிக்கையில நான் தடுக்கி விழுந்துறக் கூடாதாம். இந்த விளக்குக்கு மட்டும் அந்த ரெண்டு நிமிசக் கணக்குக் கிடையாது, கால் தரையில ஊணி எடை இறங்கினதும் நடையில எரியுது. நல்லாத்தான் இருக்கு, அவன்கிட்ட சொல்லிறாதே. என் மகன் அதோட விடலை. ராத்திரி 10 மணிக்கு மேல நான் அரை மணி நேரம் கட்டில்ல இல்லாட்டி அவன் போன்ல மணி அடிக்கிற மாதிரி செய்யச் சொல்லிட்டான்.

பங்குனிப் பொங்கலுக்கு ராத்திரி முழுக்க வள்ளி திருமணம் நாடகம். நான் 52 கிலோ. அரிசிச் சிப்பம் ஒண்ணு 26. ரெண்டையும் கட்டில்ல தலைமாடு கால்மாடாப் படுக்க வச்சு, போர்வை போத்திட்டு, மெல்ல இறங்கினேன். முள் அசையலை. ரெண்டு நிமிசம் அவகாசம் இருக்குன்னு நான்தானே எழுத வச்சேன். கிழவியும் கூட வந்தா; அவ பாயில படுக்கிறவ, பாய்க்கு எங்க வீட்டுல இன்னும் எதுவும் வைக்கலை.

விடியக்காலம் வந்து சிப்பத்தை இறக்கி வச்சுட்டுப் படுத்தேன். 7 மணிக்கு மெட்ராஸ்ல இருந்து போன். “என்னப்பா, நேத்து அருமையான தூக்கம் போல. ராத்திரி பூரா புரண்டுகூடப் படுக்கலையே!” மாத்திரை நல்லா வேலை செய்யுதுப்பான்னேன்.

பேரன் லேசுப்பட்டவன் இல்லை. வரைபடத்தைப் பாத்தான், என்னைப் பாத்தான், அரிசிச் சிப்பத்தைப் பாத்தான். கோடு அசையாம நின்னா மகனுக்கு மணி அடிக்கிற மாதிரி மறுநாளே மாத்திட்டான். வர்ற பங்குனிக்கு 26 கிலோவுல ரெண்டு கிடாய் வேணும் தம்பி. சத்தம் போடாத கிடாயா உங்க ஊர்ப் பக்கம் இருந்தாச் சொல்லு.