மைக் தேடும் மகானுபாவர்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற தமிழர்கள் முன்காலத்தில் பெரும்பாலும் இரண்டு மார்க்கங்களில் ஒன்றைக் கைக்கொண்டார்கள். ஒன்று ஸ்தல யாத்திரை, மற்றொன்று ஹோமியோபதி. இப்போது மூன்றாவதாக ஒரு மார்க்கமும் திறந்திருக்கிறது. பென்ஷன் கணக்கு நேராகி, பிராவிடண்டு பண்டு கைக்கு வந்து, பிள்ளைகள் அவரவர் ஊரில் ஸ்திரப்பட்டு, ஹாலில் பெரிய டெலிவிஷனும் மாட்டியான பிறகு, ஒருநாள் மாலை காப்பி குடித்துக்கொண்டிருக்கையில், கல்லூரி ஆண்டு விழாவில் தாம் பாடிக் கைதட்டல் வாங்கிய விருத்தாந்தம் மனிதருக்குத் திடீரென்று ஞாபகத்துக்கு வருகிறது. வீட்டிலேயே கரோக்கி வைத்துப் பாடுவது என்று அந்த க்ஷணமே சங்கல்பம் செய்துகொள்கிறார். அந்தச் சங்கல்பத்துக்கும் முதல் பாட்டுக்கும் நடுவே எத்தனை மாதம் கழியும் என்பதை எந்த ஜோசியராலும் கணித்துச் சொல்ல முடியாது. அந்த இடைக்காலம்தான் அவருடைய ஆயுளின் பொற்காலம்.

இந்த வர்க்கத்தாரை அடையாளம் காண்பது சுலபம். கல்யாண ரிசப்ஷனில் எல்லாரும் மணமக்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இவர் மாத்திரம் மெல்லிசைக் குழுவின் மேடைக்குப் பக்கவாட்டில் போய் நின்று, மிக்ஸரில் எந்தக் குமிழ் எவ்வளவு தூரம் திருப்பியிருக்கிறது என்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்ப்பார். பாடின பெண்ணின் சாரீரத்தைச் சபை சிலாகிக்கும். இவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம், “பேஸ் கொஞ்சம் தூக்கல்” என்பார். மைக்கை யாராவது கையில் கொடுத்துவிட்டாலோ, முதலில் விரலால் மூன்று தட்டு, பிறகு ‘ப்பூ’ என்று ஓர் ஊதல், அப்புறம் “ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ.” ஊதினால் உள்ளே எச்சில் போகும் என்று மைக்செட்காரர் எவ்வளவு மன்றாடினாலும் அந்தச் சடங்கில் ஓர் அங்கமும் குறையாது. சடங்கு முடிந்ததும் மைக்கைப் பெருந்தன்மையோடு திருப்பிக் கொடுத்துவிடுவார்.

எனக்குப் பழக்கமான ஒருவர் இந்த வர்க்கத்துக்கே சிகரம். கணக்குத் தணிக்கை இலாகாவில் இருந்தவர். அவருடைய சித்தாந்தம் பின்வருமாறு: பி.பி. ஸ்ரீனிவாஸ் உரத்துப் பாடியவரல்லர். அடங்கிய குரலில், மென்மையாகப் பாடினார். மைக் அந்த மென்மையைச் சிந்தாமல் ஏந்திக்கொண்டது. ஆகையால், தம்முடைய குரலும் இதுகாறும் உலகத்தின் காதில் விழாமலிருப்பதற்கு ஒரே காரணம், அதற்குரிய மைக் இன்னும் அகப்படாததுதான். இந்தத் தர்க்கத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பது அவருடைய வீட்டம்மாளுக்குத் தெரியும். நெடுநாள் தாம்பத்தியத்தில் சிலவற்றைச் சொல்லாமல் விடுவதே சௌக்கியம் என்பதும் அந்த அம்மாளுக்குத் தெரியும்.

அண்ணா சாலையை ஒட்டியுள்ள ரிச்சி தெருவுக்கு அவரோடு போகிறவர்கள் மத்தியான்னச் சாப்பாட்டை முன்னதாகவே முடித்துக்கொள்வது உத்தமம். ஒரு கடையில், சக்கரமும் கைப்பிடியும் கலர் விளக்கும் வைத்த பிரம்மாண்டமான பெட்டி ஒன்றைப் பையன் இழுத்து வந்து நிறுத்தினான்.

“அஞ்சாயிரம் வாட்ஸ் சார். ரெண்டு வயர்லெஸ் மைக் ஃப்ரீ.”

நண்பர் பெட்டியின் முகத்தைப் பார்க்கவேயில்லை. அதற்கு மின்சாரம் கொடுக்கிற சிறு அடாப்டரைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, அதன் வயிற்றில் எறும்பெழுத்தில் அச்சிட்டிருந்ததை வாசித்தார்: 12 வோல்ட், 3 ஆம்பியர்.

“தம்பி, பன்னிரண்டை மூணால பெருக்கினா எவ்வளவு?”

“முப்பத்தாறு சார்.”

“முப்பத்தாறு வாட் உள்ளே போய் அஞ்சாயிரமா வெளியே வருதுன்னா, இதை எதுக்குப்பா பாட்டுக்கு வச்சிருக்கீங்க? மின்சார வாரியத்துக்குக் கொடுங்க, புண்ணியமாப் போகும்.”

“அது பி.எம்.பி.ஓ. சார்.”

“ஆர்.எம்.எஸ். எவ்வளவு?”

பையன் உள்ளே திரும்பி, “அண்ணே, சார் ஆர்.எம்.எஸ். கேக்குறாரு!” என்று குரல் கொடுத்தான். கல்லாவில் இருந்தவர் எழுந்து சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் நடந்தது வியாபாரமன்று, உபந்நியாசம். பி.எம்.பி.ஓ. என்பது எந்த அளவுகோலுக்கும் கட்டுப்படாமல் பெட்டிக்காரர் மனம் போனபடி போட்டுக்கொள்கிற எண் என்றும், தொடர்ந்து எவ்வளவு சக்தி தரும் என்பதைச் சொல்லுவது ஆர்.எம்.எஸ். ஒன்றே என்றும், வாட்டை இரட்டித்தால் ஒலி 3 டெசிபல்தான் கூடும், அதைக் காது லேசாகத்தான் உணரும் என்றும், கேட்பவருக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் சக்தி ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டுமென்றும் அவர் விஸ்தரித்தார். அத்தனையும் சத்தியம். கடையில் இருந்தவர்கள் வாய் பிளந்து கேட்டார்கள். இவ்வளவு ஞானத்தையும் வெளியிட்டுவிட்டு அன்று அவர் வாங்கி வந்தது என்னவென்றால், சினிமாப் பாட்டுப் பதிவுப் புகைப்படங்களில் பாடகர்களின் முகத்துக்கு முன்னால் தொங்குகிறதே, அந்த ஜாதி கண்டென்ஸர் மைக்.

கண்டென்ஸர் மைக்குக்கு 48 வோல்ட் தனியாக ஊட்ட வேண்டும், அதற்கொரு பெட்டி. பெட்டிக்கொரு வயர். இவையெல்லாம் சேர்ந்து முதல் பாட்டைப் பதிவு செய்த அன்றுதான், அந்த மைக்கின் செவி எத்தனை கூர்மையானது என்பது தெரிந்தது. எதிர் வீட்டுக் குக்கரின் விசில், மாடி வீட்டு மிக்ஸி, தெருமுனையில் திரும்பிய ஆட்டோ, சரணத்தின் நடுவே வாசலில் கீரை விற்றுப்போன அம்மாளின் கூவல் ஆகிய சகலமும் அவருடைய பாட்டோடு சமத்துவமாகப் பதிவாகியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை அதைக் கேட்க வந்தவர்களில் சங்கீத ஞானமுள்ள ஒருவர், மொத்தப் பதிவிலும் கீரைக்காரம்மாள் மாத்திரம் சுருதி விலகவில்லை என்று அபிப்பிராயம் தெரிவித்தார். மறுநாளே கண்டென்ஸர் அலமாரிக்குள் போயிற்று. வீட்டுக்கு லாயக்கு டைனமிக் மைக்தான். கிட்டே பாடுவதை மாத்திரம் வாங்கிக்கொண்டு ஊர் வம்பை வெளியே நிறுத்திவிடும் என்று நண்பர் இப்போது எல்லாருக்கும் உபதேசிக்கிறார்.

புளூடூத் படலம் இதைவிடச் சோகமானது. வயர்களின் அலங்கோலத்தை வீட்டம்மாள் ஆட்சேபித்ததன் பேரில், புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி, செல்போனில் பாடி அதில் கேட்பது என்று ஏற்பாடு. புளூடூத்தில் குரல் போய்ச் சேர ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குவரை தாமதமாகும். அதனால் என்ன என்று கேட்கலாம். ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. எனவே அவர் தம் ஹாலில் நின்று பாட, ஸ்பீக்கரோ ஏறக்குறைய எழுபது மீட்டருக்கு அப்பால் பிள்ளையார் கோவில் வாசலில் உட்கார்ந்து பதில் சொல்லுவதற்கு அது சமானம். தாம் பாடிய அட்சரம் பின்தங்கி வரக் கேட்டு இவர் நிதானிப்பார். இவர் நிதானிக்க அது இன்னும் பின்தங்கும். இப்படி ஒருவருக்கொருவர் மரியாதை காட்டிக்கொண்டே இருவரும் பல்லவியில் நின்றுவிட்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். இந்த மனிதர் பணத்தை விரயம் செய்கிறார் என்று அவருடைய மாப்பிள்ளை சொல்லுவதை நான் ஏற்கவில்லை. அவர் வாங்குகிற ஒவ்வொரு கருவியும் ஓர் உத்தியோகத்துக்காக நியமிக்கப்படுகிறது: பாட்டு சரியில்லை என்றால் பழியைத் தலையில் ஏற்றுக்கொள்வது. மைக் சில வாரம் அந்தப் பதவியை வகித்தது, பிறகு மிக்ஸர், அதன் பிறகு ஸ்பீக்கர். எல்லாக் கருவியும் அப்பழுக்கில்லாமல் அமைந்துவிட்டால் பழி வந்து சேருகிற இடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அந்த விபத்து நேராமல் காப்பதற்காக ஒருவர் செலவு செய்கிற பணத்தை விரயம் என்பது நியாயமல்ல.

பழிக்கு இருக்கிற இதே ஏற்பாடு புகழுக்கும் உண்டு. சலவைக்கல் தரை, வெறுஞ்சுவர், கண்ணாடி ஜன்னல் கொண்ட அவருடைய ஹாலில் எந்தச் சத்தமும் நாலு சுவரிலும் மோதித் திரும்பும். போதாக்குறைக்கு மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடித்துப் பாடுகிற வழக்கம் வேறு. அப்படிப் பொத்தினால் மைக்குக்குத் திசை தெரியாமல் போய், ஸ்பீக்கரின் சத்தத்தையே மறுபடி வாங்கி ‘குய்ய்’ என்று கூவும். ஒருநாள் வீட்டம்மாள், மொட்டை மாடியில் உலர்த்திய இரண்டு மெத்தைகளையும் பவானி ஜமக்காளத்தையும் கொண்டுவந்து தற்காலிகமாக ஹால் சுவரில் சார்த்தி வைத்தார். அன்று மாலை பாட்டு தெளிவாக ஒலித்தது. நண்பர் மெய்சிலிர்த்துப் போய், அன்று காலைதான் வாங்கி வந்திருந்த புது வயரை எல்லாருக்கும் காட்டினார்.

“என்னங்க, பாட்டை ரெண்டு கட்டை இறக்கிக்கிட்டாத்தான் என்ன?” என்று அந்த அம்மாள் ஒரே ஒரு தடவை கேட்டதுண்டு. பாட்டின் சுருதியை ஏற்றவும் இறக்கவும் வசதியுள்ள மிக்ஸருக்கென்று கூடுதலாகப் பணம் கொடுத்தவர் நண்பரே.

“டி.எம்.எஸ். பாடின சுருதியை இறக்கறதா? நீ என்ன பேசறே?”

அவர் அந்தப் பொத்தானைத் தொட்டதில்லை. உச்சஸ்தாயி வருகிற இடத்தில் எக்கோவை மாத்திரம் அதிகமாக்கிக்கொள்வார்.

கரோக்கி இயந்திரத்தை 1971இல் ஜப்பானின் கோபே நகரில் உண்டாக்கியவர் டைசுகே இனோவே. அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. ஆகவே கோடீசுவரராகும் பாக்கியத்தை இழந்தார். ஆனால், மனிதர்கள் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ளப் புது வழி காட்டியவர் என்று 2004இல் அவருக்குச் சமாதானத்துக்கான ‘இக் நோபல்’ பரிசு கொடுத்தார்கள். வேடிக்கைப் பரிசுதான், எனினும், நண்பரின் மாடியில் குடியிருப்பவர்களைப் பார்த்தவர்கள் அதை முழு வேடிக்கை என்று தள்ளமாட்டார்கள். நம் நாட்டின் 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு கட்டியிருக்கின்றன. இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்றும் சொல்லுகின்றன. நண்பர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் நிறுத்திவிடுவார். மாடிக்காரர்கள் ஒன்பதரையிலிருந்தே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவார்கள்.

வாசகர்களில் யாருக்கேனும் இந்த ஆசை இருக்குமானால், வயர் வைத்த டைனமிக் மைக் ஒன்று, எக்கோ உள்ள சின்ன மிக்ஸர் ஒன்று, உள்ளேயே ஆம்ப்ளிபயர் அடங்கிய எட்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று, சுவருக்கு ஜமக்காளம் இரண்டு. ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு தாராளம். ஒரே மத்தியானத்தில் வாங்கி, அன்று சாயங்காலமே பாடிவிடலாம். எதற்கும் என் நண்பரிடம் யோசனை கேட்கப் போகாதீர்கள்; அவர் தற்சமயம் வயர்களில் செம்பின் சுத்தம் எவ்வளவு என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்.