தீவேகு படலம்: நடுவயதுக் கணித ஆசிரியர் மாலத்தீவு செல்வது குறித்த ஓர் ஆய்வு

தலைவன் தலைவியைப் பிரிந்து செல்வதற்கு ஓதல், பகை, தூது, பொருள் எனக் காரணங்கள் சொல்வது நம் இலக்கண மரபு. நாகர்கோவில் தனியார் பள்ளியில் கணிதம் கற்பித்துவந்த ஒருவர், நாற்பத்தைந்து வயதில் மாலத்தீவுக்கு ஏகுவதை இவற்றுள் எதில் அடக்குவது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட சிக்கல். பொருள்வயிற் பிரிவு என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். முடித்தால் ஆய்வு நடக்காது. மேலும், மூத்த மகளின் பொறியியல் கல்லூரிக் கட்டணமே இப்பிரிவுக்கு உடனடிக் காரணம் என்று சான்றுகள் கிடைக்கின்றன. அப்படியாயின் இது ஓதற்பிரிவு. ஓதுபவர் ஒருவராகவும் பிரிபவர் இன்னொருவராகவும் இருக்கலாமா என்பதற்கு உரையாசிரியர்கள் விடை தரவில்லை. அவர்கள் காலத்தில் செமஸ்டர் கட்டணம் இல்லை.

வயது ஏன் நாற்பத்தைந்து? வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருந்தால் அந்த வயது தானாக வந்துவிடும்.

இத்துறை அறிஞர்கள் கண்டுகொள்ளாத தடை ஒன்று உண்டு. அது லேமினேஷன். பட்டம் வாங்கிய வாரமே கடைக்குக் கொண்டுபோய் அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் நல்லடக்கம் செய்துவிடுவது நம் வழக்கம். வெளிநாட்டு வேலைக்கோ சான்றிதழின் முதுகில் முத்திரை விழ வேண்டும்: மாநில அரசின் சரிபார்ப்பு ஒன்று, வெளியுறவு அமைச்சகத்தின் சரிபார்ப்பு இன்னொன்று. பிளாஸ்டிக்கில் மை நிற்காது. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் பழைய வேட்டியை நாலாக மடித்து விரித்து, அயர்ன்பாக்ஸை மிதமான சூட்டில் வைத்து, உறையின் ஓரத்தைப் பிளேடால் கீறி, தலைவன் ஒரு முனையும் தலைவி மறுமுனையுமாகப் பிடித்து உரிக்கிறார்கள். “ஏங்க, மெதுவா… பேரும் சேர்ந்து வந்துரப் போகுது.” பேர் தப்பியது. துணைவேந்தரின் கையெழுத்தில் வால் மட்டும் பிளாஸ்டிக்கோடு போயிற்று. இருபது வருடம் பத்திரமாக வைத்திருந்ததன் பலன் இது.

அடுத்து, சுற்றத்தார் எதிர்வினை. மாலத்தீவு என்றதும் இவர்கள் மனத்தில் தோன்றுவது, நீச்சல்குளத்தில் மிதக்கும் தட்டில் காலைச் சிற்றுண்டி உண்ணும் ஒரு நடிகை. இதை நடிகைக் கருதுகோள் எனலாம். “அத்தான், அது புதுசா கல்யாணம் ஆனவங்க போற ஊருல்லா?” என்று மைத்துனர் கேட்பது இக்கருதுகோளின் வழிப்பட்டதே. எதிர்த்தரப்பு, அது வெளிநாடே அன்று என்னும். அவர்கள் வாதத்தில் வலுவில்லாமல் இல்லை. திருவனந்தபுரத்திலிருந்து அந்நாட்டுத் தலைநகர் மாலேக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. சென்னைக்குக் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஓர் இரவு முழுதும் போக வேண்டும். இருப்பினும் சென்னைக்குப் போனவரை வழியனுப்ப யாரும் வேன் பிடிப்பதில்லை என்பதால் மாலத்தீவு வெளிநாடே என்பது நம் துணிபு.

இனித் திணை ஆராய்ச்சி. நாட்டில் ஏறத்தாழ 1,200 பவளத் தீவுகள். மக்கள் குடியிருப்பவை 200-க்கும் குறைவு. ஆசிரியருக்கு வாய்க்கும் தீவை அரைமணிக்குள் சுற்றி வந்துவிடலாம். நிலம் பெரும்பாலும் கடல்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்துக்குள் அடங்கிவிடும். எந்தத் தெருவில் நின்றாலும் மலை தெரிய வளர்ந்த நாஞ்சில் நாட்டுக்காரருக்கு, கண் முட்ட ஒன்றும் இல்லாமற்போவது பெரிய உபாதை. குறிஞ்சி அடியோடு விலக்கப்படுகிறது. முதற்பொருளால் இது நெய்தல். கருப்பொருளும் ஒத்துவருகிறது: உணவு சூரை மீன், மரம் தென்னை, பறை பொடுபெரு. தெய்வம் மட்டும் சிக்கல். இஸ்லாம் தவிர்த்த பொது வழிபாட்டுக்கு அந்நாட்டுச் சட்டம் இடந்தருவதில்லை. வழிபாட்டுச் சிலைகள் கொண்டுவரவும் தடை. ஆகவே நெடிதுயர்ந்த சுசீந்திரம் அனுமார் ஆசிரியரின் கைபேசித் திரைக்குள் அடங்கி, சார்ஜ் உள்ளவரை அருள்பாலிக்கிறார்.

உரிப்பொருளோ பிரிவு, அது பாலைக்குரியது. போதாக்குறைக்கு, நெய்தலில் கரையில் நின்று இரங்க வேண்டியவள் தலைவி. இங்கே தலைவி நாகர்கோவிலில் ஸ்கூட்டர் பழகி, வீட்டுக்கடன் தவணை கட்டி, கேஸ் புக் செய்து, இரங்க நேரமின்றி இருக்கிறாள். கரையில் நின்று இரங்குபவன் தலைவன். திணைமயக்கம் என்று ஏற்பதன்றி வேறு வழியில்லை.

வெயிலுக்காக நடுவயதினர் தீவுக்குப் போகிறார்கள் என்பாரும் உளர். அது ஐரோப்பியருக்குப் பொருந்தும். 1972-இல் அங்கே சுற்றுலா தொடங்கியதிலிருந்து அவர்கள் வெயிலை விலைக்கு வாங்கிவருகிறார்கள். ஆசிரியரின் ஒரு மாதச் சம்பளத்தை ஓரிரவு வாடகையாக வாங்கும் விடுதிகள் உண்டு. அவ்விடுதிகள் பலவற்றில் கடிகாரத்தையே மாலே நேரத்துக்கு ஒரு மணி முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள், விருந்தினருக்கு மாலை வெயில் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று. ஆக, ஒரே கடலில் ஒரே சூரியன் விடுதித் தீவில் ஏழுக்கும் பள்ளித் தீவில் ஆறுக்கும் அஸ்தமிக்கிறான். ஆசிரியர் தரப்பில் இதற்கு ஆட்சேபணை இல்லை. அவர் பள்ளிக்குக் குடை பிடித்துப் போகிறவர்.

நேரத்தில் இன்னொரு கோளாறும் உண்டு. மாலே கடிகாரம் இந்தியாவுக்கு அரைமணி பின்தங்கியது; வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு காலை தலைவி நிதானமாக அழைக்கும்போது தலைவன் இருபடிச் சமன்பாட்டில் இருப்பான். பக்கத்து வகுப்பில் அந்நாட்டு மொழியான திவேகியின் எழுத்து வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருக்கும். அந்தத் தானா எழுத்துகளில் முதல் ஒன்பது அரபு எண்களிலிருந்தும், அடுத்த ஒன்பது உள்நாட்டுப் பழைய எண்களிலிருந்தும் பிறந்தவை. எண்ணை எடுத்து எழுத்தாக்கிக்கொண்ட ஒரு மொழிக்காரரிடம் ஒரு கணித ஆசிரியருக்கு இயல்பாகவே மரியாதை பிறக்கிறது.

இரவு பேசும்போது அவள் கேட்கிறாள்: “கடல் பக்கத்துலயா இருக்கு?”

“எந்தப் பக்கம் போனாலும் கடல்தான்.”

“குளிச்சீங்களா?”

“பைப்புல.”

நம் ஆய்வுக்குட்பட்ட ஆசிரியர் கடலை ஒரே ஒரு நோக்கத்தோடுதான் பார்க்கிறார்: மாலேயிலிருந்து சரக்குப் படகு வருகிறதா? தூத்துக்குடித் தோணிகள் காலங்காலமாக மாலேக்குக் கருங்கல்லும் காய்கறியும் கொண்டுபோகின்றன. முருங்கைக்குக் கவலையில்லை, தீவிலேயே மரம் உண்டு, அதன் கீரையை மீனோடும் தேங்காயோடும் பிசைந்து அவ்வூரார் உண்பார்கள். கவலை சின்ன வெங்காயத்துக்குத்தான். காற்று பலத்தால் படகு வராது. வந்த அன்று, துறையில் கயிற்றுவலை நாற்காலிகளில் ஆடியபடி பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, முதுகலைப் பட்டதாரிகள் மூட்டை பிரிவதற்குள் சூழ்ந்துகொள்கிறார்கள்.

விடுமுறைக்குத் திரும்புகையில் என்ன கொண்டுவருவது என்பது தனி ஆய்வுக்குரியது. மரபு, மாசி. கல்போல் காய்ந்த சூரை. பிறந்த மண்ணிலிருந்தே வருவதால் தரம் பேசவேண்டியதில்லை என்று தலைவன் நம்புகிறான். மாமியார் ஒரு துண்டை எடுத்துத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். “தூத்துக்குடி மாசி இதவிட வெலக் கொறவு மக்களே.” அடுத்த முறைக்கு டூனா டின் போதும் என்று முடிவாகியிருக்கிறது.