ஒன்பது மணி எரிமலை: தமிழர் இல்லக் கைவினை மரபில் பசையும் நுனியும்

1.0 ஆய்வுக் களம்

தமிழ் நடுத்தரக் குடும்பங்களில் இரவு ஒன்பது மணிக்கு மேல் நிகழும் கைவினைகள் இதுகாறும் முறையான ஆய்வுக்கு உட்படவில்லை. அந்நேரத்தில் ஆய்வாளர்களும் அவரவர் வீட்டில் தெர்மாகோல் அறுத்துக்கொண்டிருந்ததே காரணம் என்பர். யாரும் தொடாத பொருள் என்பது மட்டுமே ஆய்வுக்குப் போதுமா என்று கேட்பவர்கள், நம் பல்கலைக்கழக நூலகங்களில் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அடுக்கியிருக்கும் அலமாரிப் பக்கம் போனதில்லை.

கருதுகோள் வருமாறு: பள்ளிச் செயல்திட்டம் என்பது பிள்ளைக்குக் கொடுக்கப்பட்டு, அம்மாவால் கண்டுபிடிக்கப்பட்டு, அப்பாவால் கெடுக்கப்பட்டு, மறுபடி அம்மாவால் முடிக்கப்படுவது.

2.0 காலம்

எந்தத் தமிழாய்வும் கி.மு.வில் தொடங்க வேண்டும் என்பது விதி. இங்கே சான்றுகள் ஒத்துழைக்கவில்லை. 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறையோடு வந்து சேர்ந்த வளரறி மதிப்பீடு (அ), செயல்பாடுகளுக்கென்று 20 மதிப்பெண்ணை ஒதுக்கியது. அதற்கு முன்பும் செயல்திட்டங்கள் உண்டு. ஆனால் அம்மாக்களுக்குத் தூக்கம் போகும் அளவுக்கு இல்லை. இம்மதிப்பீட்டில் வளர்வது யார், அறியப்படுவது யார் என்பது மேலாய்வுக்கு உரியது.

காலத்தை உறுதிசெய்ய உதவும் மூலபாடம் ஒன்று வீடுதோறும் கிடைக்கிறது.

“அப்பா, நாளைக்கு எரிமலை கொண்டுபோகணும்.”

“எப்ப சொன்னாங்க?”

“போன திங்கக்கிழமை.”

பாடவேறுபாடு பெரிதாக இல்லை. கோவை வட்டாரத்தில் இரண்டாம் அடி “எப்ப சாமி சொன்னாங்க?” என்று வரும். மூன்றாம் அடிக்குப் பிறகு ஒரு நீண்ட மௌனம் எல்லாப் பிரதிகளிலும் உண்டு. அதை இடைச்செருகல் என்பாரும் உளர், அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

3.0 வகைப்பாடு

3.1 சார்ட் பேப்பர்: சுருட்டியது விரியாது, விரித்தது சுருளும்.

3.2 மழைநீர் சேகரிப்பு: 2003இல் தமிழகத்தில் கட்டடம்தோறும் இது கட்டாயமானதிலிருந்து மாதிரிகளும் பெருகின. குழாய்க்கு சலைன் ட்யூப். சலைன் ஏற்றிக்கொண்ட உறவினர் எவராவது இருந்தால் நலம். மாதிரியில் தண்ணீர் இறங்காது. “இந்த வருஷம் மழை சரியில்லை மிஸ்” என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்புவது மரபு.

3.3 எரிமலை: இந்தியாவில் உயிருள்ள எரிமலை அந்தமானின் பாரன் தீவில் இருப்பது ஒன்றுதான். ஆயினும் தமிழகப் பள்ளி வராந்தாக்களில் ஆண்டுதோறும் வெடிப்பவற்றுக்குக் கணக்கில்லை. தண்ணீர் பாட்டிலின் தலையை வெட்டி, அதைச் சுற்றி மைதாப் பசையில் நனைத்த செய்தித்தாளை அப்பி, உள்ளே ஆப்ப சோடாவைப் போட்டு எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். பொங்குவது கார்பன் டை ஆக்சைடு. சிவப்பு நிறத்துக்குச் சாயப்பொடி கிடைக்காத வீட்டில் மஞ்சள்தூள் போடலாம் என்றொரு துணிபு உண்டு. ஆப்ப சோடாவோடு சேர்ந்ததும் மஞ்சள் செம்பழுப்பாகும் என்பது உண்மையே. எலுமிச்சைச் சாறு விழுந்ததும் அது திரும்பவும் மஞ்சளாகிவிடும் என்பதும் உண்மை. ஆகவே ஒத்திகையில் செவ்வண்ணமாக நின்ற எரிமலை, ஆசிரியர் முன்னிலையில் காமாலை கண்டு வெடிக்கும்.

3.4 தஞ்சைப் பெரிய கோயில்: இதற்குத் தனி நூலே வேண்டும். ராஜராஜன் ஆண்டுக்கணக்கில் கட்டி 1010இல் குடமுழுக்குக் கண்ட கோயிலை, காலை வேன் ஹாரன் அடிப்பதற்குள் முடிக்க வேண்டும் என்பதே சிக்கல். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது கட்டுக்கதை. தெர்மாகோல் விமானத்தில் விமானமே தரையில் விழும். விமானத்தின் பதின்மூன்று நிலைகளை ஐந்தாகக் குறைத்துக்கொள்வது பெருவழக்கு. எங்கள் வீட்டு மூலவரைபடம் நாலு என்கிறது (காண்க: பரண், மிக்ஸி அட்டைப்பெட்டி, பிஸ்கட் டின், கல்யாணப் பத்திரிகையின் பின்புறம், பென்சில் குறிப்பு). அதே பக்கத்தில் பால் கணக்கும் இருப்பதால், ‘நாலு’ என்றது நிலையையா லிட்டரையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பாட்டியின் உரை லிட்டர் என்றே கொள்ளும்.

4.0 ஒட்டுபொருள்

ஃபெவிகால் தச்சர்களுக்காக வந்தது; வஜ்ஜிரம் காய்ச்சும் வேலையை அவர்களுக்கு மிச்சப்படுத்தியது. அதிலுள்ள தண்ணீரை மரம் உறிஞ்சிக்கொள்ளும், மிஞ்சிய பசை இறுகும். தெர்மாகோல் உறிஞ்சாது. இரண்டு தெர்மாகோல் பலகைகளுக்கு நடுவே அகப்பட்ட தண்ணீருக்கு ஓரம் வழியாக மட்டுமே வெளியேற்றம் உண்டு; ஓரம் காய்ந்து கதவைச் சாத்திக்கொள்ள, நடுப்பகுதி விடியும்வரை ஈரமாகவே கிடக்கும். வேன் முதல் வேகத்தடையில் ஏறும்போது மூன்றாம் நிலை இரண்டாம் நிலையைவிட்டு வழுக்கி இறங்குவது இதனால் என்க.

பொறுமையற்றோர் ஃபெவிக்விக்கை நாடுவர். அது தெர்மாகோலை அரித்துக் குழி பறிக்கும், விரலோடு விரலை மட்டும் உறுதியாக ஒட்டும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் விரலை ஊறவைத்து மெல்லப் பிரிப்பது பரிகாரம். பெருமாள் கோயில் பிரசாதத்துக்கு நீட்டுவது போல வலக்கை ஐந்து விரலும் குவிந்து ஒட்டிப்போன நிலையிலும் செல்போனில் அலுவலகத்துக்குப் பதில் சொன்னவர்கள் உண்டு.

தெர்மாகோலின் இயல்பு குறித்து ஒன்று சொல்லியாக வேண்டும். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு காற்றே. 2017 ஏப்ரலில், அப்போதைய கூட்டுறவுத் துறை அமைச்சர் செல்லூர் ராஜூ முன்னிலையில், வைகை அணை நீர் ஆவியாகாமலிருக்கத் தெர்மாகோல் அட்டைகளை டேப்பால் ஒட்டி மிதக்கவிட்டதும், காற்று அவற்றைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் அறிந்ததே. ஊரே சிரித்தது. சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்த வாரமே சாப்பாட்டு மேசையில் அதே பொருளை அதே டேப்பால் ஒட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதை யாரும் எழுதவில்லை.

5.0 நுனி

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலை: செல்லோடேப்பின் நுனி எங்கே?

முதற்கண் டேப் வேண்டும். அது இருக்குமிடம் தெளிவு (காண்க: ஷோகேஸ், கீழ் இழுப்பறை, இழுப்பறை பாதிதான் வரும், கையை உள்ளே விட்டு மேல்நோக்கித் துழாவுக, தட்டுப்படுவது மெழுகுவர்த்தி எனில் அதைத் தாண்டுக, ரேஷன் கார்டு எனில் ‘அட, இங்கேயா இருந்துச்சு’ என்று கூறி, முன்னர் இதுபற்றி நடந்த சண்டையை நினைவுகூர்ந்து, பின் தொடர்க). கத்தரிக்கோல் எப்போதும் சமையலறையில், பால் பாக்கெட் வாடையோடு இருக்கும்.

நுனி காண்பதில் மூன்று பள்ளிகள் உள்ளன. நகப் பள்ளியினர் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தால் வட்டமாகச் சுரண்டிக்கொண்டே வருவர். நகம் தடுக்கும் இடமே நுனி என்பது அவர்கள் கொள்கை. பழைய நுனி ஒன்றின் தழும்பிலும் நகம் தடுக்கும் என்று மறுப்பர் விளக்குப் பள்ளியினர். இவர்கள் டேப்பை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணைச் சுருக்குபவர்கள். மூன்றாமவர் பற்பள்ளியினர், அவர்களோடு வாதம் கூடாது.

மடிப்புவாதம் என்றொரு சீர்திருத்த இயக்கமும் தோன்றியது. ஒவ்வொரு முறையும் நுனியைச் சிறிது மடித்து வைத்துவிட்டால் தேட வேண்டியதே இல்லை என்றனர். வீட்டுக்கு ஒருவர் மடிப்புவாதியாக இருப்பார். கடைசியாக டேப்பை எடுத்தவர் எப்போதும் இன்னொருவர்.

ஆழ்ந்த சிக்கல் அடுத்து வருகிறது. கண்டெடுத்த நுனியை இழுக்கும்போது டேப் நீளவாக்கில் கிழிந்து, ஒரு கீற்று கையோடு வர, மற்றது சுருளோடு தங்கிவிடும். இப்போது நுனி ஒன்றா, இரண்டா? ஒன்றே, இரண்டாகத் தோன்றுவது மாயை என்பார் ஒரு சாரார். இரண்டே, என்றும் சேரா என்பார் மறு சாரார். இரண்டும் ஒரே சுருளின் உடலாதலால் வேறாயினும் வேறல்ல என்று சமரசம் செய்வோரும் உளர். நள்ளிரவு நெருங்க நெருங்க மூன்றாம் கொள்கைக்கே ஆதரவு பெருகுகிறது. புது டேப் வாங்கக் கடை திறந்திராத நேரம் அது.

6.0 ஆசிரியர் யார்?

செய்தது பெற்றோர், ஒட்டியிருக்கும் லேபிளில் பிள்ளையின் பெயர், வகுப்பு, பிரிவு. இதை மோசடி என்று கண்டிப்போருக்கு உயர்கல்வி பழக்கமில்லை. பல்கலைக்கழகத்தில் மாணவர் எழுத, நெறியாளர் பெயர் முதலில் அச்சாகிறது. பள்ளியில் மூத்தவர் உழைக்க, இளையவர் பெயர் பெறுகிறார். இரண்டையும் வைத்துப் பார்த்தால் பள்ளி முறையே மேலானது. இங்கே லேபிளை ஒட்டவாவது பெயருக்குரியவர் விழித்திருக்கிறார்.

மதிப்பிடும் ஆசிரியைக்கும் உண்மை தெரியும். அவரும் முந்தைய இரவு தம் மகளுக்காகச் சூரியக் குடும்பம் செய்தவர். சனிக்கோளின் வளையம் இன்னும் அவர் ஹேண்ட்பேகில் இருக்கிறது.

7.0 விண்ணப்பம்

தலைமையாசிரியர்களுக்கு: அடுத்த பருவத்திலிருந்து செயல்திட்டங்களைப் பிள்ளைகள் வழியே சொல்லியனுப்பாமல் எங்களிடமே நேரில் கொடுங்கள், வெள்ளிக்கிழமை மாலையில் கொடுங்கள், மதிப்பெண்ணையும் எங்கள் பெயரிலேயே போடுங்கள். சென்ற பருவத்தில் சற்றே சாய்ந்திருந்த பெரிய கோயிலுக்கு இருபதுக்குப் பதினாறுதான் வந்தது. மறுமதிப்பீட்டுக்கு எங்கே விண்ணப்பிப்பது என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறோம்.