மனசுல ரெண்டு

கேரள எல்லையோரம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இரவு ஏழு மணிக்கு மேல் கட்டுத்தரையைக் கழுவிக்கொண்டு ஓர் ஆள் நின்றால், அந்த வீட்டில் மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படிக்கும் பிள்ளை இருக்கிறது என்று அர்த்தம். சாயங்காலமே கழுவிய கட்டுத்தரைதான். உள்ளே கணக்கு வீட்டுப்பாடம் நடக்கிறது.

இவருக்குக் கணக்கு வராது என்று சொன்னால் பாவம் பிடிக்கும். பால் சொசைட்டியில் கொழுப்பு 4.1, எஸ்.என்.எஃப். 8.3 என்று சீட்டு வந்ததும், அட்டவணையைப் பார்க்காமலே லிட்டர் விலையைச் சொல்லிவிடுவார். வேலந்தாவளம் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போய்ப் பெட்ரோல் அடித்தால் மிச்சம் எவ்வளவு, போய்வர எரிவது எவ்வளவு, கழித்தால் ஒரு டீக்காசு நிற்கும் என்பதெல்லாம் விரல்நுனியில். அந்த டீயையும் அங்கேயே குடித்துவிட்டுத்தான் திரும்புவார்.

பிள்ளை நோட்டோடு கட்டுத்தரைக்கே வந்துவிடும். 24ஐ 6ஆல் பெருக்க வேண்டும்.

"நூத்தி நாப்பத்தி நாலு. ஒரு குரோசு. எழுது சாமி."

"விடை தெரியுமுங்கப்பா. எப்படி வந்துச்சுன்னு எழுதோணும்."

அதுதான் சிக்கல். கேரளத்தில் 1997 வாக்கில் செயல்வழிப் பாடத்திட்டம் வந்ததிலிருந்து வழிக்குத்தான் மரியாதை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பதினாறாம் வாய்ப்பாடுவரை பிரம்படி வாங்கிப் படித்தவருக்கு, பட்ட அடியெல்லாம் செல்லாக்காசு ஆகிவிட்டது.

பொள்ளாச்சியில் படித்த அம்மா அடுப்படியிலிருந்து வருவார். "ஏனுங்க, நாலாறு இருவத்திநாலு. நாலைப் போட்டு மனசுல ரெண்டு."

"மனசுல இருக்கறதையெல்லாம் டீச்சர் ஒத்துக்க மாட்டாங்கம்மா."

கடைசி நம்பிக்கை மூணாறு எஸ்டேட்டில் இருக்கும் தாய்மாமன். அவருக்குப் போன் போகும். கொழுந்து எடை போடும் இடத்திலேயே ஆயுசைக் கழித்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மச்சான், ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிச்சிட்டீங்களா?" என்பார்.

மறுநாள் காலை சொசைட்டி வரிசை. பால் புத்தகத்தைப் புரட்டியபடி அப்பா வாய்க்குள் முணுமுணுக்கிறார்: பால் ஊத்த ஆரம்பிச்சு 24 நாள், நாளுக்கு 6 லிட்டர். "இருவதாறு நூத்தியிருவது... நாலாறு இருவத்திநாலு... ஆக..."

பின்னால் பள்ளிப் பையோடு நின்ற பிள்ளை, காலிப் பால்கேன் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நோட்டை விரித்தது.

"அப்பா, முதல்ல இருந்து சொல்லுங்க. மெதுவா."